கோல்ஃப் சங்கங்கள் கோட்டைக்கு மீட்டர் கணக்கோடு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160.86 ஏக்கர் நிலத்துக்கான குத்தகையைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. 1945இல் 99 ஆண்டுகளுக்கு விட்ட குத்தகை அது. தொடக்கத்தில் பேசிய ஆண்டு வாடகை ரூ.614.13 என்று செய்தியில் படித்தவர்கள் அச்சுப்பிழை என்றே நினைத்திருப்பார்கள். அந்த ஓடுபாதைக்கு நடுவில் ஒரு கோல்ஃப் மைதானமும் இருந்தது. அது தொடர்பான வழக்கின் நியாய அநியாயங்களுக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் அதன் பிறகு, அரசு நிலத்தில் கோல்ஃப் மைதானம் இருக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இரு தரப்பும் பேசுகின்றன. எந்தத் தரப்பிலும் கணக்கு இல்லை.

கோல்ஃப் தரப்பு சொல்வது எல்லா நாட்டிலும் ஒரே பாட்டுதான்: வேலைவாய்ப்பு, சுற்றுலா, வரி வருவாய், நகரத்தின் நுரையீரல். எதிர்த் தரப்புக்கு ஒரே வரி: பணக்காரர் விளையாட்டுக்கு ஏழைகளின் தண்ணீர். புல்தரையும் பாசனமும் எங்கள் தொழில் என்பதால், இரு தரப்பும் விட்டுவிட்ட எண்களை இங்கே வைக்கிறோம்.

முதலில் தண்ணீர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். 18 குழி மைதானம் ஒன்று ஏறத்தாழ 150 ஏக்கர். அவ்வளவுக்கும் தண்ணீர் தேவையில்லை. பந்தை உருட்டிக் குழியில் போடும் ‘கிரீன்’கள் பதினெட்டும் சேர்ந்து இரண்டரை, மூன்று ஏக்கர். முதல் அடி அடிக்கும் ‘டீ’ மேடைகள் மூன்று ஏக்கர். நடுவே ஓடும் ‘ஃபேர்வே’ பட்டைகள் 28 ஏக்கர். ஆக, விளையாட்டுக்கு அவசியமான புல் 34 ஏக்கர். மீதி, மரங்களும் குளமும் ‘ரஃப்’ எனும் ஓரப் புல்லும்தான்.

சென்னைக் கோடையில் அருகம்புல் இனப் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 மி.மீ. தண்ணீர் வேண்டும். 34 ஏக்கருக்கு அது ஐந்தரை லட்சம் லிட்டர். ஓரப் புல்லும் பச்சைப் பசேலென்று தெரியவேண்டும் என்று 60 ஏக்கருக்குத் தெளித்தால் 9.7 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 80 லோடு. தலைக்கு 135 லிட்டர் என்ற குடிநீர் அளவுகோலில் ஏழாயிரம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர் அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது விளையாட்டு அல்ல, அலங்காரம். ஓரப் புல் ஏப்ரலில் காய்ந்து பழுப்பாகட்டும். அருகம்புல் சாகாது, முதல் மழையில் மறுபடி துளிர்க்கும். நம் ஊர் வரப்பைப் பார்த்த யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி அடுத்த ஓட்டை. புல்லுக்குத் தேவை ஐந்தரை லட்சம் என்றால் மோட்டார் இறைப்பது அதே அளவாக இருப்பதில்லை. தெளிப்பான் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தூவாது என்பதே காரணம். இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள டம்ளர்கள் இருபது, முப்பதை மூன்று மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைக்கவேண்டும். காற்று அடங்கிய விடியற்காலையில் 15 நிமிடம் தெளிப்பானை ஓட்டி, ஒவ்வொரு டம்ளரிலும் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று அளக்கவேண்டும். குறைவாக நிறைந்த கால்வாசி டம்ளர்களின் சராசரியை, எல்லா டம்ளர்களின் சராசரியால் வகுத்தால் வருவதே சீர்மை விகிதம்.

அது 0.75 இருந்தால் நல்ல அமைப்பு. பழைய மைதானங்களில் 0.55 வருவது அதிசயமல்ல. 0.55 என்றால், காய்கிற மூலைக்கும் போதிய தண்ணீர் போய்ச் சேர மொத்தம் 10 லட்சம் லிட்டர் இறைக்கவேண்டும், 0.75 என்றால் 7.3 லட்சம் போதும். தினமும் 2.7 லட்சம் லிட்டர் வித்தியாசம். காரணங்கள் எல்லாம் சில்லறைதான்: தேய்ந்த நாசில், மண்ணில் புதைந்து சாய்ந்த தெளிப்பான் தலை, ஒரே வரிசையில் வெவ்வேறு அளவு நாசில்கள், கடைசித் தலைக்குப் போய்ச் சேராத அழுத்தம். எங்காவது மஞ்சள் திட்டு தெரிந்தால் பணியாளர் செய்வது நாசிலை மாற்றுவதல்ல. அந்த வால்வை இன்னும் பத்து நிமிடம் திறந்து வைப்பது. திட்டு பச்சையாகிறது, பக்கத்து இடம் சேறாகிறது, சேற்றில் பூஞ்சை வருகிறது, பூஞ்சைக்கு மருந்து வருகிறது.

அடுத்து, எந்தத் தண்ணீர் என்பது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதை நகரம் மறக்கவில்லை. அதே ஆண்டில்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து ஆர்.ஓ. முறையில் வடிகட்டும் நிலையங்கள் வந்தன. தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர், தொழிற்சாலைகளுக்காகக் கட்டியவை. கோல்ஃப் சங்கங்கள் அந்த நீரைக் கேட்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. ஆர்.ஓ. நீரைப் புல்லுக்கு ஊற்றுவது நெய்யால் வாசல் மெழுகுவது போல. இரண்டாம் நிலை சுத்திகரித்து, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் சேர்த்த நீரே அருகம்புல்லுக்குத் தாராளம்.

ஆனால் குழாயை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டு ஆண்டில் மைதானத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். அந்த நீரில் உப்பு அதிகம், அதிலும் சோடியம். களிமண் பாங்கான தரையில் சோடியம் சேரச் சேர மண் துகள்கள் பிரிந்து, துளைகள் அடைத்து, மேலே நிற்கும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆண்டுக்கு இருமுறை மண்ணையும் நீரையும் பரிசோதித்து, தேவைக்கேற்ப ஜிப்சம் போட்டு, இடையிடையே ஒரு நல்ல தண்ணீர்ப் பாய்ச்சலில் உப்பைக் கீழே தள்ளவேண்டும். தெளிப்பு இரவில், ஆட்கள் இல்லாத நேரத்தில் மட்டும். குடிநீர்க் குழாயோடு எங்குமே இணைப்பு இருக்கக்கூடாது. குழாயின் நிறமே வேறாக இருக்கவேண்டும்.

இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுத்திகரித்த நீரில் தழைச்சத்து இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றாலும், நாளுக்கு 5 லட்சம் லிட்டர் தெளித்தால் 10 கிலோ தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் 22 கிலோ, அதாவது தினமும் அரை மூட்டை. இதைக் கழிக்காமல் பழைய உர அட்டவணைப்படியே மூட்டை பிரித்தால், பணமும் வீண், குளமும் பாசி.

குளம் என்றதும் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அதிலிருந்து திறந்தவெளி வைத்திருக்கும் எல்லோரும் ‘நாங்கள் வெள்ளத்தைத் தாங்குகிறோம்’ என்கிறார்கள். கோல்ஃப் தரப்பின் சுற்றுச்சூழல் வாதங்களில் உண்மையாகவே கனமானது இதுதான். அதே சமயம், அதிகம் பொய்யாகிப் போவதும் இதுதான்.

150 ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 6 கோடி லிட்டர். மைதானத்துக்குள் 5 ஏக்கர் குளம் இருந்து, அதில் ஒன்றரை மீட்டர் காலியாக இருந்தால், 3 கோடி லிட்டர் பிடிக்கும். விழுந்ததில் பாதி! ஆனால் ஒன்றரை மீட்டர் காலியாக இருந்தால்தான். அழகுக்காகவும், பந்து நீரில் விழும் சுவாரசியத்துக்காகவும் குளத்தைக் கரைவரை நிரப்பி வைப்பது வழக்கம். ஐப்பசி மழை வரும்போது நிரம்பி நிற்கும் குளம் ஒரு சொட்டுக் கூடப் பிடிக்காது. வருவதை அப்படியே தெருவுக்குத் தள்ளும். தண்ணீர் சிந்தாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்த குளமானால் நிலத்தடி நீருக்கும் பயனில்லை.

குளத்தை இறக்க நீரை வெளியேற்றி வீணாக்கவேண்டியதில்லை. செப்டம்பர் முதல் தேதியே போர்வெல்லை நிறுத்திவிட்டுக் குளத்து நீரையே தெளிக்கட்டும். நாளுக்கு 7.3 லட்சம் லிட்டர் வீதம் 3 கோடி லிட்டர் இறங்க நாற்பது நாள் ஆகும். நடுவில் மழை குறுக்கிட்டால் சில நாள் கூடும். அக்டோபர் நடுவில், வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும்போது, குளம் வெறும் வயிற்றோடு இருக்கும். போர்வெல்லும் நாற்பது நாள் ஓய்வெடுத்திருக்கும்.

அப்போதும் மைதானத்துக்குள் விழும் மழைதான் சேரும். சுற்றுச்சுவரை எழுப்பி, உள்தரையையும் உயர்த்திவிட்டு ‘நகரத்துக்கே வெள்ளத் தடுப்பு’ என்று எழுதுவது நாணயமல்ல. தெருவின் மழைநீர் வடிகாலிலிருந்து குளத்துக்கு ஒரு வாய்க்கால் வேண்டும். அதன் வாயில் மணலும் குப்பையும் தங்க ஒரு தொட்டியும், தொடக்க மழையின் கறுப்புத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு மதகும் வேண்டும். நம் மழைநீர் வடிகால்களில் மழைநீர் மட்டும் ஓடுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

உரம், மருந்து பற்றிக் கொஞ்சம். கிரீனுக்கு அடியில் இருப்பது மண் அல்ல. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கட்டியதானால் மேலே 30 செ.மீ. மணல் கலவை, அதன் கீழ் 10 செ.மீ. சரளை, அதற்குள் வடிகுழாய்கள். அதாவது பெரிய சல்லடை. அதன் மேல் 3, 4 மி.மீ. உயரத்துக்கு மழித்த புல். இந்தச் சல்லடையில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்தை யூரியாவாக ஒரே தடவையில் தூவினால், ஒரு ஹெக்டேர் கிரீன்களுக்கு 109 கிலோ யூரியா. அன்று மாலை ஒரு கோடை மழை அடித்தால் அதில் கணிசமான பங்கு வடிகுழாய் வழியே குளத்துக்குப் போய்விடும். நான்கைந்து நாளில் பச்சைப் பாசி, பிறகு ஆகாயத் தாமரை, மீன் சாவு. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல வாரம் அரை கிராம் வீதம் இலைமேல் தெளித்தால் இந்தத் தொல்லை இல்லை. வடிகுழாயின் வாயை நேரே குளத்தில் விடாமல் ஒரு வெட்டிவேர்ப் பாத்தி வழியாக விட்டால் தப்பி வருவதும் அங்கேயே நின்றுவிடும்.

பூச்சிக்கும் அப்படியே. பிள்ளைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, 8 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் போதும். இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் மேலே ஏறி வரும். வந்த இடத்துக்கு மட்டும் மருந்து. ‘மாதா மாதம் முதல் திங்கட்கிழமை’ என்று காலண்டரைப் பார்த்து 30 ஏக்கருக்கும் அடிக்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டு, பறவைகள் வருகின்றன என்று படம் போடுவதில் அர்த்தமில்லை.

ஆக்சிஜன் தருகிறோம் என்ற வாதத்தைக் கோல்ஃப் சங்கங்கள் கைவிடுவது அவர்களுக்கே நல்லது. தினமும் இயந்திரத்தால் வெட்டி, உரம் போட்டு வளர்க்கும் புல்லில் பெருமை பேச ஒன்றுமில்லை. மரங்களைக் காட்டுங்கள், எண்ணிக் காட்டுங்கள்; எவை இந்த மண்ணின் மரங்கள், எவை அழகுக்கு நட்டவை என்று பிரித்துக் காட்டுங்கள்.

பொருளாதாரத்துக்கு வருவோம். அரசிடம் கோல்ஃப் துறை எப்படிப் பேசுகிறது என்பதற்கு அமெரிக்காதான் பாடநூல். 2008 முதல் ஆண்டுதோறும் ‘தேசிய கோல்ஃப் நாள்’ என்று வாஷிங்டனுக்குத் திரண்டு போய் எம்.பி.க்களைச் சந்திக்கிறார்கள். அவர்களுடைய மனக்குறைகளில் ஒன்று வேடிக்கையானது: அந்நாட்டு வரிச் சட்டத்தில், சலுகைக் கடன் பத்திரங்களுக்குத் தகுதியற்ற தொழில்களின் பட்டியலில் கோல்ஃப் மைதானம், மசாஜ் நிலையம், சூதாட்டக் கூடம், மதுக்கடை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிந்தைய வரிச் சலுகைகளிலும் அந்தப் பட்டியலே குறுக்கே வந்தது. இப்படிப்பட்ட குறைகளைச் சொல்ல அவர்கள் எண்களோடு போகிறார்கள்.

அந்த எண்களைப் படிக்கத் தெரியவேண்டும். 2022க்கு அவர்கள் சொல்லும் நேரடிப் பொருளாதார மதிப்பு ஏறத்தாழ 10,200 கோடி டாலர். மொத்த மதிப்பு 22,650 கோடி டாலர். இரண்டாவது, ஒருவர் செலவழித்த பணம் கைமாறிக் கைமாறிப் போவதையும் சேர்த்துப் பெருக்கியது. எந்தத் தொழிலும் அப்படிப் பெருக்கலாம், பரோட்டாக் கடையும் பெருக்கலாம். தண்ணீரிலும் இதே கவனம் தேவை. 2005க்கும் 2020க்கும் இடையில் அமெரிக்க மைதானங்களின் நீர்ப் பயன்பாடு 29 சதவீதம் குறைந்தது உண்மை. அதில் ஒரு பகுதி, மைதானங்களே மூடப்பட்டதால் வந்த குறைவு. இருந்தாலும் அவர்கள் அளந்தார்கள். அளந்ததால்தான் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கவாவது முடிகிறது.

நம் ஊரில் வேலைவாய்ப்புக் கணக்கில் ஒரு தந்திரம் உண்டு. பை சுமக்கும் கேடிகளை (போலீஸ் பதிவேட்டுக் கேடி அல்ல, கோல்ஃப் கேடி) அரசிடம் பேசும்போது ‘எங்களால் வாழும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள்’ என்று எண்ணுவார்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். என்று வந்தால் ‘அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல, ஆட்டக்காரர் கொடுக்கும் கூலிக்கு வருபவர்கள்’ என்பார்கள். இரண்டும் ஒரே வாயில் வரக்கூடாது. பெயர்ப் பதிவேடு, விபத்துக் காப்பீடு, மழை மாதங்களில் ஒரு குறைந்தபட்சத் தொகை இந்த மூன்றும் இருந்தால் எண்ணிக்கொள்ளட்டும், அரசும் ஏற்கட்டும். பந்து தலையில் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசவேண்டாம்.

கணக்கு காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 ஆகஸ்டில் பிரான்ஸ் பார்த்தது. கடும் வறட்சியில் வீட்டுத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் தடை. கோல்ஃப் கிரீன்களுக்கு மட்டும் இரவில், வழக்கமான அளவில் 30 சதவீதத்துக்கு மேற்படாமல் தெளிக்க விலக்கு. தொழில்நுட்பப்படி அது நியாயமான விலக்குதான். கிரீன் செத்தால் மறுபடி வளர்க்க மாதங்கள் ஆகும், பரப்பும் மிகச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய பரப்பு எவ்வளவு என்று ஊராருக்கு யாரும் முன்பே சொல்லி வைக்கவில்லை. துலூஸ் நகரத்துப் பக்கம் போராட்டக்காரர்கள் குழிகளில் சிமெண்டைக் கொட்டி அடைத்தார்கள்.

ஆண்டுக்குப் பத்து செ.மீ. மழைகூட நிச்சயமில்லாத லாஸ் வேகாஸ் வேறு வழியில் போயிற்று. அங்கே ஒவ்வொரு மைதானத்துக்கும் பாசனப் பரப்பின்படி ஆண்டு நீர்ப் பங்கு உண்டு. தாண்டினால் கட்டணம் ஏறும். அந்தப் பங்கு முன்பு ஏக்கருக்கு 6.3 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி), 2024 முதல் 4. நான்கு அடி என்பது 1,219 மி.மீ., நம் ஊரில் ஒரு போக நெல் குடிக்கும் தண்ணீர் அளவு. பங்கு குறைந்ததும் விளையாட்டுக்குத் தேவையில்லாத புல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். யாரும் கோல்ஃபைத் தடை செய்யவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் சென்னைக்கு இதைவிட மிகக் குறைந்த பங்கே போதும்.

ஆகவே, குத்தகை நீட்டிப்பு, வாடகை நிர்ணயம் என்று அரசிடம் போகும் கோல்ஃப் சங்கங்கள் வண்ணப் புத்தகத்தை விட்டுவிட்டு ஒரு தாளைக் கொண்டுபோகட்டும். போர்வெல், லாரி, சுத்திகரித்த நீர் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர் வைத்து மாதவாரி அளவு. பாசனப் பரப்பின் வரைபடம். டம்ளர் சோதனையின் விகிதம். வாங்கிய உர மூட்டைகளும் மருந்து புட்டிகளும். கேடிகள் உட்பட சம்பளப் பட்டியல். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். சென்னைப் பெருநகருக்கென்று 1987இலேயே நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. போர்வெல்லுக்கு மீட்டர் என்பது யாருக்கும் புதிய சுமையல்ல.

அரசுத் தரப்பும் வாடகையைச் சந்தை மதிப்புக்கு உயர்த்துவதோடு நின்றுவிடக்கூடாது. பொது நிலத்தில் உள்ள மைதானம் என்றால், ஐந்தாண்டுக்குள் பாசன நீர் முழுவதும் சுத்திகரித்த நீராக மாறவேண்டும் என்று குத்தகையிலேயே எழுதலாம். அதற்கான குழாயைக் குடிநீர் வாரியம் எந்த ஆண்டில் எந்தத் தெரு வரை கொண்டுவரும் என்பதும் அதே பத்திரத்தில் இருக்கவேண்டும். இல்லையேல் நிபந்தனை ஏட்டோடு நின்றுவிடும். ஆட்டமில்லாத திங்கட்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கலாம்; பராமரிப்பு நடக்கும் நாளாக இருந்தால் மாலை இரண்டு மணி நேரம் மட்டும்.

கிண்டியில் குத்தகை ரத்தான அந்த நிலத்தில் அரசு அறிவித்த பூங்காவுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பூங்காப் புல்லும் புல்தான், அதற்கும் 4 மி.மீ. வேண்டும்; அங்குள்ள குளங்களும் அக்டோபரில் காலியாக இருந்தால்தான் வெள்ளத்துக்கு உதவும். எனவே கோல்ஃப் மைதானமோ, அரசுப் பூங்காவோ, குளக்கரையில் பெயிண்ட் அடித்த ஓர் அளவுகோல் நடட்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 காலை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படம் எடுத்து நீர்வளத் துறைக்கும் மாநகராட்சிக்கும் அனுப்பட்டும். வாசல் பலகையிலும் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்பு, பாசனத் துறையினர் சிலர்,
சென்னை.